எட்டு நிமிட டீச்சர்

"உக்காந்திருக்கீங்களா, படுத்திருக்கீங்களா?"

தொலைபேசியில் யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பெயரும் வயதும் அப்புறம். உட்கார்ந்திருப்பதாக மறுமுனை சொன்னால், "மொதல்ல படுங்க. போனைக் காதுல வச்சு அழுத்தாதீங்க, பக்கத்துல போட்டுக்குங்க. நானும் படுத்துக்கிட்டுத்தான் பேசறேன்" என்பார். அது உண்மை. கட்டிலில் மல்லாந்து படுத்து, ஈரத்துணியை மடித்துக் கண்ணின் மேல் போட்டு, கைப்பேசியை நெஞ்சின் மேல் கிடத்தியிருக்கிறார். தலைமாட்டில் ஒரு குட்டிக் கடிகாரம், சமையலறையில் முட்டை வேக நேரம் பார்ப்பது, எட்டு நிமிடத்துக்குத் திருகி வைக்கப்பட்டிருக்கிறது. அது கிணுகிணுத்தால், எதிராளி பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி, "பெல் அடிச்சிருச்சு. மிச்சத்த நாளைக்குப் பேசுவோம்" என்று வைத்துவிடுவார்.

பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு அழைப்புகள். நடுநடுவே ஏழு நிமிடம் அறையில் ஈ பறந்தால்கூடக் கேட்கும் மௌனம். அப்படி ஓர் இடைவெளியில், அவரைப் பற்றி எழுத வந்திருந்த நான் பேனா மூடியைக் கழற்றினேன். "மெதுவா" என்றார், துணியை எடுக்காமலேயே.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. பள்ளியை விட்டு வெளியே வந்து ஆறு ஆண்டுகள் ஆகியும் தெருவில் அவர் பி.டி. டீச்சர்தான். மைதானத்தின் கோடியில் நின்று அவர் "லைன்ல நில்லு!" என்றால், மதில் தாண்டி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெரியவர்களும் வரிசையில் நின்றுவிடுவார்கள் என்று அவருடைய கணவர் சொல்கிறார். இப்போது அதே தொண்டையிலிருந்து வரும் குரலைக் கேட்க நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நோயின் பெயரை நாட்பட்ட களைப்பு நோய் என்று மருத்துவர்கள் எழுதுகிறார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது. "களைப்புன்னா என்ன நெனைக்கறாங்க? ஒரு டீ குடிச்சு, ஒரு தூக்கம் போட்டா சரியாயிடும்னு நெனைக்கறாங்க. பத்து நாள் காய்ச்சல்ல கெடந்துட்டு எந்திரிச்ச அன்னிக்கு மூட்டையத் தூக்கிக்கிட்டு மாடி ஏறுனா எப்படி இருக்கும்? அது மாதிரி தினமும். அதுலயும் பாருங்க, மாடி ஏறுன அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கோ நாளன்னைக்கோதான் அடி விழும். யாரு அடிச்சதுன்னே தெரியாம விழும்."

அந்த அடி விழாமல் ஒரு நாளை ஓட்டுவதுதான் இப்போது அவருடைய முழுநேரத் தொழில். ஸ்டூலில் உட்கார்ந்து பல் துலக்குகிறார். தலை வாரும்போது நான்காவது வாரலில் சீப்பைக் கீழே வைத்து மூச்சு வாங்கிக்கொள்கிறார். குளியல் இரண்டு நாளுக்கு ஒருமுறை. குளிக்கிற நாளில் யாரோடும் பேசுவதில்லை. மணிக்கட்டில் நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம். துடிப்பு நூறைத் தாண்டினால் அது நடுங்கும். நடுங்கினால், செய்துகொண்டிருந்ததைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார். ஒருமுறை நெடுநாள் கழித்து வந்த தோழியைப் பார்த்த சந்தோஷத்தில் அது நடுங்கிவிட்டது. "போடி, உன்னப் பாத்ததே எனக்கு எக்சர்சைஸ் ஆயிடுச்சு" என்று அவளை வரவேற்பறையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாராம்.

கணவர் கார் ஓட்டக் கற்றுத்தருகிற பள்ளியில் வாத்தியார். பயிற்சி வண்டியில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். "ஊருல இருக்கறவனுக்கெல்லாம் பிரேக் போடக் கத்துக்குடுக்கறேன். வீட்டுல இவளுக்குக் கத்துக்குடுக்க இந்த நோய் வரவேண்டியதாப் போச்சு" என்று சிரிக்கிறார். சமையல், துணி, மருந்து எல்லாம் அவர் பொறுப்பு. கட்டிலறைக் கதவின் கீல்களுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் விடுவதும்.

நோய் வந்த விதத்தையும் அவர்தான் சொன்னார். பத்து நாள் காய்ச்சல். பதினோராம் நாள் டீச்சர் பள்ளிக்குப் போனார். உடம்பு கனத்தது. சோம்பல் என்று நினைத்து, அதை ஓடியே துரத்துவது என்று மாலையில் மைதானத்தை நான்கு சுற்று ஓடினார். மறுநாளும் நான்கு. மூன்றாம் நாள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தூக்கிய கை பாதியிலேயே நின்றுவிட்டது. இரத்தம், சிறுநீர், இருதயம் என்று எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார்கள். "நார்மல்னு எழுதுன பேப்பர் மட்டும் ஒரு பை நெறைய இருக்கு" என்கிறார் டீச்சர். "என்னைய மாதிரி நார்மலான ஆளு இந்த ஊர்லயே கெடையாது."

அவரைத் தூக்கி நிறுத்த முதலில் வந்தவர் அவருடைய தம்பி. ஆறு வயது இளையவர். பிசியோதெரபிஸ்ட். அக்கா ஓடுவதைப் பார்த்து வளர்ந்து, உடம்பைப் பற்றிய படிப்பே படிப்பேன் என்று அடம்பிடித்தவர். படித்தபடி, புத்தகத்தில் அன்று இருந்தபடி, ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். முதல் வாரம் தினம் ஐந்து நிமிட நடை, வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூடுதல். களைப்பு வந்தால் கவனிக்காதே, உடம்பு பழகிக்கொள்ளும். ஆறு வாரம் நடந்தார். ஏழாம் வாரத்தின் நடுவில் அட்டவணை நின்றது. அதன் பிறகு பதினான்கு மாதம் அந்த அறையின் திரைச்சீலை திறக்கப்படவில்லை. கரண்டியைத் தூக்க முடியாமல் கணவர் ஊட்டிவிட்டார். வெளிச்சம் வலித்தது, கிசுகிசுப்பும் வலித்தது.

தம்பி ஞாயிறுதோறும் வந்தார். பல்பு மாற்றினார், மருந்து வாங்கிவந்தார், கசிந்த குழாயைச் சரிசெய்தார். அக்காவும் தம்பியும் எல்லாம் பேசினார்கள். அட்டவணையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

படுத்துக் கிடந்த காலத்தில் ஒரு நினைப்பு அவரை அரித்திருக்கிறது. "வயித்து வலி, தலை சுத்துதுன்னு லெட்டர் குடுக்கற பிள்ளைங்கள நான் நம்புனதே இல்ல. நடிக்கறியான்னு கேட்டு ரெண்டு ரவுண்டு சேத்து ஓடவிட்டிருக்கேன். இப்ப என் லெட்டர யாரும் நம்பல." கொஞ்சம் தேறி, பேச முடிந்ததும், நினைவுக்கு வந்த மூன்று மாணவிகளின் எண்ணைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டார். இரண்டு பேருக்கு அது ஞாபகமே இல்லை. டீச்சர் போன் செய்ததில் பூரித்துப்போனார்கள். மூன்றாமவள், "எனக்கு ஞாபகம் இருக்கு டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தாளாம். "அந்த சும்மா இருந்தது இருக்கே..." என்று தொடங்கினார் டீச்சர். முடிக்கவில்லை.

இந்த நோய்க்காரர்களுக்கு அந்த ஊரில் ஒரு சங்கம் இருந்தது. நூலகத்தின் கீழ்த்தள அறையில் மாதம் ஒருமுறை கூடுவார்கள். வரமுடிந்தவர்கள் ஐந்தாறு பேர், வரமுடியாதவர்கள் அறுபது பேர். ஒரு கூட்டத்தில் நடைக் குழு அமைப்பதா வேண்டாமா என்று தொடங்கிய பேச்சு, சங்கத்தை இரண்டாக உடைத்துவிட்டது. எழுந்து நடந்தால்தான் விடிவு என்றவர்கள் ஒரு பக்கம். எல்லை மீறினால் நாசம் என்றவர்கள் மறுபக்கம். இரண்டுக்கும் பதிவு செய்த பெயர்கள் நீளமாக இருக்கின்றன. ஊர் வைத்த பெயர்கள் சின்னவை: கம்பம் கோஷ்டி, கட்டில் கோஷ்டி.

கம்பம் கோஷ்டியின் தலைவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மூன்று ஆண்டு படுக்கையில் கிடந்தவர். ஒருநாள் எழுந்து வாசல் கேட் வரை நடந்தார். மறுவாரம் முதல் விளக்குக் கம்பம். அதற்கடுத்த வாரம் இரண்டாவது. வாரம் ஒரு கம்பமாக எண்ணி எண்ணி, இப்போது தினம் நான்கு கிலோமீட்டர் நடக்கிறார். பிளாட்பாரத்தில் அறிவிப்புச் செய்து பழகிய குரல். "நான் எழுந்தேன், நீங்களும் எழுவீர்கள்" என்று அவர் சொன்னால், படுத்திருப்பவனுக்கும் ஒரு காலை அசைத்துப் பார்க்கத் தோன்றும். அவருடைய சங்கத்துக்கு ஆலோசகராக இருந்தவர், டீச்சரின் தம்பி.

கட்டில் கோஷ்டியின் செயலாளர் டீச்சர். வெளியே வரமுடியாத நோயாளிகள் பதினொரு மணிக்கு அழைப்பது அவரைத்தான். தம்பியின் பக்கத்தைக் குறைசொல்லும்போது அவர் தம்பி என்று சொல்வதில்லை. "அந்தச் சங்கத்து ஆளுங்க" என்பார்.

அவர் பக்கமும் கோளாறு இருந்தது. அதை அவரே சொன்னதால் எழுதுகிறேன். தையல்வேலை செய்யும் ஒரு பெண், இரண்டு ஆண்டாகத் தொலைபேசியில் பேசிவந்தவள், ஒருநாள் குரல் துள்ள, "டீச்சர், நேத்து என் பையனோட ஸ்கூல் வரைக்கும் நடந்துட்டேன்" என்றாள். டீச்சர் பாராட்டவில்லை. "யாரு உங்கள நடக்கச் சொன்னது? நாளன்னைக்குத் தெரியும் பாருங்க" என்றார், பழைய மைதானக் குரலில். நாளன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் அப்புறம் தொலைபேசியில் வரவுமில்லை. தேறிக்கொண்டே இருந்தாள், தேறுவதை மறைத்து ஆறு மாதம் இருந்துவிட்டுக் கம்பம் கோஷ்டியில் சேர்ந்தாள். "நோயை மறைக்கறவங்களப் பாத்திருக்கேன். குணமாகறத ஒருத்தி எனக்குப் பயந்து மறைச்சிருக்கா. அப்ப நான் எப்படிப்பட்ட ஆளு?" என்று அவர் கேட்டபோது கடிகாரம் கிணுகிணுத்தது. அவர் அதை அணைக்கவில்லை, தானாக ஓய்ந்தது.

இப்படி இருக்கும்போதுதான் சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு சங்கங்களுக்கும் ஒரே மாதிரி கடிதம் வந்தது. எல்லா மருத்துவமனைகளிலும் வைக்கும் துண்டுப்பிரசுரத்தை மறுபடி அச்சடிக்கப் போகிறார்கள். நோயாளிகள் தரப்பில் இரண்டு சங்கங்களும் ஒத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதித் தந்தால் அதைப் போடுவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் பழையதே அச்சாகும். பழையதில் நடுவில் தடித்த எழுத்தில் இரண்டு வரி: "தினமும் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். களைப்பைப் பொருட்படுத்தாதீர்கள்."

"இந்த ரெண்டாவது வரிதான் என்னையப் படுக்கவச்சது" என்றார் டீச்சர். "இத இன்னும் எத்தன வருஷம் படிப்பாங்க?"

துறை அலுவலர் முன்னால் இரண்டு சங்கங்களும் வியாழக்கிழமை நூலகத்தில் கூடிப் பேச ஏற்பாடானது. நேரில் போவது என்று டீச்சர் முடிவெடுத்தார். கணவர் எதிர்த்தார். "நூலகம் வரைக்கும் போறதா? போயிட்டு வந்தா எத்தன நாள் கெடப்ப?"

"பத்து நாள் கெடப்பேங்க. பழசு அச்சாச்சுன்னா எத்தன பேரு எத்தன வருஷம் கெடப்பாங்க?"

வாத்தியார் போய்க் காரின் முன்சீட்டைப் படுக்கையாக மடக்க முடியுமா என்று பார்த்துவந்தார்.

நான்கு நாள் முன்பிருந்தே தொலைபேசி கிடையாது, குளியல் கிடையாது. வியாழக்கிழமை காலை கறுப்புக் கண்ணாடி, காதில் பஞ்சு, மடக்கு சாய்வுநாற்காலி ஒன்று. நூலக அறையின் நடுவில் அதை விரித்து, டீச்சரைப் படுக்கவைத்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, வாத்தியார் வாசலருகே நின்றுகொண்டார். பயிற்சி வண்டியில் உட்காரும் அதே முகம். எந்த நிமிடமும் பிரேக்கை மிதிக்கத் தயார். மேசையின் ஒரு பக்கம் துறையிலிருந்து வந்த அலுவலர் அம்மா, பேனாவும் காகிதமுமாக. மறுபக்கம் ஸ்டேஷன் மாஸ்டர். அவருக்குப் பின்னால், மடியில் அட்டைப்பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, தம்பி. மூலையில் நான்.

ஸ்டேஷன் மாஸ்டர் உட்காரவில்லை. நின்றுகொண்டே, "டீச்சரம்மா, இங்க உங்கள யாரும் கஷ்டப்படுத்தப் போறதில்ல. உக்காந்தே பேசலாமே" என்றார். படுத்திருப்பது நாடகம் என்று அவர் நினைப்பது குரலில் தெரிந்தது.

"நீங்க நின்னுக்கிட்டுப் பேசறீங்க. நான் ஏதாச்சும் சொன்னேனா சார்?" என்றார் டீச்சர்.

அலுவலர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பழைய பிரசுரத்தைப் படித்தார். தடித்த வரிகள் வந்ததும் டீச்சர் கையைத் தூக்கினார். "இந்த ரெண்டையும் எடுத்துரணும்."

"எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?" ஸ்டேஷன் மாஸ்டரின் குரல் அறையில் மோதித் திரும்பியது. டீச்சர் காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்து அவர் சட்டென்று தணித்துக்கொண்டார். "எல்லாரும் படுத்துக்கோங்கன்னு எழுதி ஒட்டறதா? நான் மூணு வருஷம் கூரையையே பாத்துக்கிட்டுக் கெடந்தவம்மா. அந்த மூணு வருஷத்துல ஒருத்தராவது, நீ எந்திரிச்சிருவேன்னு எங்கிட்டச் சொல்லல. அந்த வார்த்தைக்காக நான் எப்படி ஏங்குனேன்னு உங்களுக்குத் தெரியாது. அந்த வார்த்தைய இந்தக் காகிதத்துல இருந்து எடுக்க விடமாட்டேன்."

"ஏங்காத ஆளு யாரு சார் இங்க? ஆனா அந்த வார்த்தைய சாட்டை ஆக்கிட்டாங்களே. நீங்க நடந்தீங்க, தேறுனீங்க. நடந்ததாலதான் தேறுனீங்களா, தேறுனதால நடந்தீங்களா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

"அப்போ நான் நடந்தது பொய்யா?"

"பொய்யின்னு யாரு சொன்னா?"

"பொய்யின்னு சொல்லலன்னா வேற என்ன அர்த்தம்?"

அதற்கு மேல் இருவரும் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இருபது நிமிடம் ஆனது. டீச்சரின் கைக்கடிகாரம் இரண்டு முறை நடுங்கியது. வாத்தியார் ஓர் அடி முன்னால் வைத்தார். அலுவலர் அம்மா பேனாவை மூடி, "அப்ப பழையதையே..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்று தம்பி எழுந்தார்.

பெட்டியைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். சிகிச்சை அட்டைகள். "நாப்பத்தோரு பேருக்கு இந்த அட்டவணையக் குடுத்திருக்கேன். பதினாலு பேரு தேறுனாங்க. பத்து பேருக்கு முன்னயும் இல்ல பின்னயும் இல்ல. பதினேழு பேரு பாதியிலயே வர்றத நிறுத்திட்டாங்க. அந்தப் பதினேழு அட்டையிலயும் கடைசி வரி ஒரே மாதிரி எழுதி வச்சிருக்கேன். 'ஒத்துழைப்பு இல்லை.'" பதினேழையும் தனியே ஒதுக்கி வைத்தார். "ரெண்டு மாசமா அவங்களத் தேடுனேன். பதிமூணு பேரு கெடைச்சாங்க. ஏன் வரலன்னு மொத மொதலாக் கேட்டேன். ஒம்பது பேரு, நடக்க ஆரம்பிச்சப்பறம் முன்னயவிட மோசமாயிருக்காங்க. என்கிட்ட வந்து சொல்ற அளவுக்குக்கூட அவங்களால எந்திரிக்க முடியல. நான் அதுக்கு ஒத்துழைப்பு இல்லைன்னு எழுதியிருக்கேன்."

ஓர் அட்டையை மட்டும் தனியே எடுத்துக் கையில் வைத்திருந்தார். "இது எங்க அக்காவோடது. ஏழாவது வாரம். ஒத்துழைப்பு இல்லை. என் கையெழுத்துதான்."

சாய்வுநாற்காலியிலிருந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், டீச்சர் சொன்னார்:

"ஏழாவது வாரம் பதினேழு நிமிஷம்டா. நான் தினம் இருபது நடந்தேன். உங்கிட்ட நல்ல பேரு வாங்கணும்னு."

தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி வரும் பீப் சத்தம் கேட்டு, நின்றது. தம்பி அந்த அட்டையைப் பார்த்தபடியே நின்றார். ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியை இழுத்து, அன்று முதல்முறையாக உட்கார்ந்தார். தம்பியைப் பார்த்து, "அந்தப் பதினாலு பேரு மட்டும் நெஜந்தானே?" என்று கேட்டார். ஒரு பெரிய மனிதர் அவ்வளவு சின்னக் குரலில் கேட்டு நான் பார்த்ததில்லை.

"நெஜம் சார். நீங்க நெஜம்."

"அப்ப அவங்களையும் எழுதணும்." கொஞ்சம் யோசித்தார். "இந்த ஒம்பது பேரையும் எழுதணும். ரெண்டையும் எழுதாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அதன் பிறகு எழுதுவதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் மூன்று இடைவேளை; அப்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஸ்டேஷன் மாஸ்டர்தான் முதல் தடவை எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தவர். பெரிய சண்டை முடிந்தபின் சின்னச் சண்டை ஒன்று மிச்சமிருந்தது. அவருக்கு "நடையைக் கூட்டுங்கள்" என்று வேண்டும். டீச்சருக்கு "கூடினால் கூடட்டும்" என்று வேண்டும். கூட்டுவதா, கூடுவதா என்று நாற்பது நிமிடம். பள்ளியில் தமிழய்யா தன்வினை, பிறவினை நடத்திய வகுப்பில் நான் தூங்கியவன். அன்று அதில் எத்தனை பேருடைய கால்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன என்று கண்ணால் பார்த்தேன். கடைசியில் டீச்சர்தான் விட்டுக்கொடுத்தார், பாதி. தேறுகிறவர்களைப் பற்றிய வரிகளைத் தானே சொல்லி எழுதவைத்தார். அலுவலர் அம்மா படித்துக் காட்டினார்:

"உங்கள் உடம்பின் எல்லையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குள் இருங்கள். ஒரு வேலை செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ நோய் கூடினால், வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அது சோம்பல் இல்லை. எல்லை விரிந்தால் கூடவே மெல்ல நடந்து பாருங்கள். உடம்பு மறுத்தால் திரும்பிவிடுங்கள். நடந்து தேறியவர்கள் எங்களில் இருக்கிறார்கள். நடந்து மோசமானவர்களும் இருக்கிறார்கள். யாரும் முயற்சி குறைந்தவர்கள் இல்லை. தேறினால் மறைக்காதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள்."

கடைசி வரி எதற்கு என்று அலுவலர் அம்மா கேட்டார். "அது இருக்கட்டும்மா. ஒருத்திக்கு நான் சொல்லவேண்டிய பதில் அது" என்றார் டீச்சர்.

சொன்னபடியே கிடந்தார், பத்து நாள் அல்ல, பதினாறு நாள். முதல் மூன்று நாள் தண்ணீரைக் கரண்டியால்தான் கொடுத்தார் கணவர். நான் போனபோது வாசலிலேயே தடுத்து, "தூங்கறா" என்று சைகையால் சொன்னார். கோபமாக இருக்கிறாரோ என்று பார்த்தேன். அவரிடம் அச்சான பிரசுரம் ஒன்று இருந்தது. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாராம்.

அந்தப் பதினாறு நாளும் பதினொரு மணித் தொலைபேசியை எடுத்தவர் ஸ்டேஷன் மாஸ்டர். யாரும் கேட்கவில்லை. கூட்டத்துக்கு மறுநாள் காலையே வாத்தியாரிடம் வந்து, "எண்ணை எனக்கு மாத்தி விடுங்க. நோயாளிங்க காத்திருப்பாங்கல்ல" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் நாள் அழைத்த ஒரு பெண், ஒலித்த குரலில் திடுக்கிட்டு, "ரயில் எத்தன மணி லேட்டுங்க?" என்று கேட்டுவிட்டாளாம். இப்போது தணிந்து பேசப் பழகிக்கொண்டிருக்கிறார். நடப்பதா வேண்டாமா என்று கேட்பவர்களுக்குத் தன் கம்பக் கதையைச் சொல்கிறார். சொல்லி முடித்ததும் அந்த ஒன்பது பேரைப் பற்றியும் சொல்கிறார். "ரெண்டாவது கதையச் சொல்றது கஷ்டமாத்தான் இருக்குதுங்க. ஆனா சொல்லாம விட்டதில்ல" என்றார் என்னிடம்.

சங்கங்கள் இரண்டும் இரண்டாகத்தான் இருக்கின்றன. வருகிற மாதம் எந்த மருத்துவரைப் பேச அழைப்பது என்று போன வாரம் மறுபடி முட்டிக்கொண்டார்கள். ஆனால் தொலைபேசி ஒன்றாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் ஸ்டேஷன் மாஸ்டர், மூன்று நாள் டீச்சர். தம்பி பழைய அட்டைகளில் கடைசி வரியை அடித்துவிட்டு, அவரவர் சொன்ன காரணத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். கிடைக்காத நான்கு பேரில் ஒருவரை நேற்று கண்டுபிடித்திருக்கிறார்.

சென்ற ஞாயிறு விடைபெற்றுக்கொள்ளப் போயிருந்தேன். திரைச்சீலை ஒரு சாண் திறந்திருந்தது. டீச்சர் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அது அந்த மாதத்தில் வந்த முன்னேற்றம். தையல்காரப் பெண் தொலைபேசியில் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "பிரசுரத்தப் படிச்சுட்டு, கடைசி வரி யாருக்குன்னு கேட்டா. உனக்குத்தான்டின்னேன். அழறாளோன்னு பாத்தா, இப்ப எவ்வளவு தூரம் நடக்கறா தெரியுமான்னு ஆரம்பிச்சுட்டா..."

தம்பி உள்ளே வந்தார். மருந்துப் பையை அலமாரியில் வைத்தார். தொழில் பழக்கம், வந்ததும் கை கழுவித் துடைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். போர்வைக்குள் டீச்சரின் கெண்டைக்கால் வெட்டி இழுத்தது வெளியே தெரிந்தது. கால் பிடித்துவிடுவது எப்போதும் வாத்தியாரின் வேலை; அட்டவணை நின்ற நாளிலிருந்து தம்பி அக்காவின் காலைத் தொட்டதில்லை. டீக் கோப்பைகளோடு வந்த அவர் தட்டை வைக்க இடம் தேடினார். தம்பி போர்வையைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்க்கத் தொடங்கினார். கைகளை முழங்காலின் மேல் மடித்து வைத்திருந்தார்.

தையல்காரப் பெண் எட்டாவது தெரு வரை நடந்து திரும்பியதை டீச்சர் சொல்லிக்கொண்டே போனார். பேச்சை நிறுத்தவில்லை, தம்பியைப் பார்க்கவுமில்லை. போர்வைக்கு வெளியே காலை மெல்ல நீட்டி, அதைத் தம்பியின் மடியில் வைத்தார்.